இறுதியாக நன்றியுரை: டாக்டர் ஞானப்பூ

தோணிமுனைக் கடல் உயிரி ஆய்வு நிலையத்தின் இயக்குநர் டாக்டர் சிவசைலம், ஆண்டு விழா மேடையில் நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நின்றபோது, மைக்கின் முன்னால் நன்றியுரை வாசித்துக்கொண்டிருந்த டாக்டர் ஞானப்பூ கவனித்தது ஒன்றே ஒன்றைத்தான்: அவருடைய புதுச் செருப்பின் அடியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்களும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயக்குநர் என்றால் உயரத்தில் இருக்க வேண்டியவர்தானே, இத்தனை காலம் நம்மைப் போல உட்கார்ந்திருந்ததுதான் அவருடைய பெருந்தன்மை என்பது போல முன்வரிசை தலையாட்டிக் கை தட்டியது. பின்வரிசைக்கு மிக்சர் பொட்டலமும் டீயும் எப்போது வரும் என்பதுதான் கவலை.

ஞானப்பூ அப்போது வாசித்திருந்த வரி இது: "இரவென்றும் பகலென்றும் பாராமல், கடல் அட்டைத் தொட்டியருகே நின்று எங்களை வழிநடத்திய மாண்புமிகு இயக்குநர் அவர்களுக்கு." மாண்புமிகு இயக்குநர் தொட்டிக் கொட்டகைக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார், அதுவும் ரிப்பன் வெட்ட, வெட்டிய கையோடு கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போனவர் திரும்ப எட்டிப்பார்க்கவில்லை. அடுத்த வரியில், "இந்த ஆராய்ச்சியைத் தம் தோளில் சுமக்கும்" என்று டாக்டர் முகிலரசுவைச் சொன்னாள்; முகிலரசு இரண்டு சாண் எழும்பினார். "சிறப்பாக ஒலிபெருக்கி அமைத்துத் தந்த செல்லப்பா" என்று சொன்னபோது செல்லப்பா எழும்பவில்லை, ஏணியின் கீழ் உட்கார்ந்து பீடியைக் காதில் செருகியபடி அப்படியே இருந்தார். "சுவையான தேநீர் வழங்கிய கேண்டீன் பொறுப்பாளர் சுடலைமணி" என்றதும் சுடலைமணி விரற்கடை அளவு மேலே போய், பயந்து, "ஐயய்யோ, டீ போட்டது நானில்லை மேடம், பாக்கியத்தக்கால்லா போட்டாங்க!" என்று கத்தினார், கத்திய மாத்திரத்தில் பொத்தென்று தரைக்கு வந்தார்.

ஞானப்பூ இதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள். விஞ்ஞானி அல்லவா, வேறென்ன செய்வாள்.

அந்த நிலையத்தில் முப்பது சொச்சம் விஞ்ஞானிகள் இருந்தார்கள். அதில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி காயல்பட்டினத்து ஹசீனா பானு, கடல்நீரின் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். விழாக்களில் அவளுடைய இலாகா குத்துவிளக்கு, பூங்கொத்து, பொன்னாடை. கடற்காற்றில் ஐந்து திரியும் அணையாமல் எரிய எப்படி எண்ணெய் விட வேண்டும் என்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவள் ஞானப்பூ. அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், அப்போதைய இயக்குநர், "பொம்பளப் பிள்ளை குரல் இதமா இருக்கும், நன்றியுரை நீ சொல்லும்மா" என்றார். ஏணியின் முதல் படியில் கால் வைத்துவிட்டோம் என்று ஞானப்பூ பூரித்துப் போனாள், அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள், புதுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். அந்த ஏணிக்கு அந்த ஒரு படிதான் என்பது அவளுக்குத் தெரிய வெகு காலமாயிற்று. அதற்குள் அவள் அதில் கெட்டிக்காரியாகிவிட்டிருந்தாள். 'தன்னலமற்ற', 'தொலைநோக்குடைய', 'ஓயாது உழைக்கும்' என்று எந்த அடைமொழி யாருக்குப் பொருந்தும் என்பது அவளுக்கு அத்துப்படி. யாருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும், ஆனாலும் வாசித்து முடித்துக் கைதட்டல் கேட்கும்போது உள்ளுக்குள் ஒரு சின்ன கர்வம் எழும். அந்தக் கர்வத்தை நினைத்துப் பிற்பாடு அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய மெய்யான வேலை கடல் அட்டை. கடலின் அடியில் வெள்ளரிக்காய் கணக்காகக் கிடக்கும் பிராணி. மணலைத் தின்று, அதிலுள்ள அழுக்கைச் சாப்பிட்டுவிட்டு, சுத்த மணலை வெளியே அனுப்பும். அதனால் கடலுக்கு நன்மை, அதற்கோ பேரும் கிடையாது, புகழும் கிடையாது. யாராவது பயமுறுத்தினால் தன் குடலையே வெளியே கக்கிவிட்டு அங்கேயே கிடக்கும், கொஞ்ச நாளில் புதுக் குடல் வளர்த்துக்கொள்ளும். பதவி உயர்வு நேர்காணல் ஒவ்வொன்றுக்கும் போய் வந்த பிறகு ஞானப்பூவும் ஏறக்குறைய இதையேதான் செய்து வந்தாள். "நானும் அதுவும் ஒரே ஜாதி" என்று சொல்லிச் சிரிப்பாள். நிலையத்தில் அவளை 'அட்டை மேடம்' என்று கூப்பிட்டதைக்கூட அவள் தடுக்கவில்லை.

கண்டபடி பிடித்துப் பிடித்துக் கடலில் அட்டை அருகிப்போனதால், தொட்டியில் வளர்த்துக் கடலில் விடுவது என்பது அவளுடைய முயற்சி. முட்டை பொரியும், கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் வரும், தண்ணீரில் மிதக்கும், மிதந்துகொண்டே இருக்கும், கீழே இறங்கி உட்காரத் தெரியாமல் மிதந்தே செத்துப்போகும். வருடக்கணக்காக இந்தச் சாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தலை நரைத்தது. கடற்புல்லின் இலையைத் தேய்த்த தட்டை உள்ளே வைத்தால் குஞ்சு வந்து உட்காருமோ என்று பார்த்தாள், உட்காரவில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது ஹசீனா பேச்சுவாக்கில், "இளம் இலையில கசப்பு ஜாஸ்தி இருக்கும்ட்டீ, பழுத்து மஞ்சளா ஒதுங்குற இலையைத் தேச்சுப் பாரேன்" என்றாள். பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் யார் கணக்கில் வைத்துக்கொள்வார்கள்; ஞானப்பூவும் வைத்துக்கொள்ளவில்லை. பழுத்த இலையைத் தேய்த்தாள். குஞ்சுகள் வந்து உட்கார்ந்தன. கொட்டகையில் தனியாக நின்று அவள் அழுத அழுகைக்குத் தொட்டியில் உப்பு கூடியிருக்கும்.

இதை அவள் மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னபோது இயக்குநர், "கேக்கல மேடம், கொஞ்சம் சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னாள். "இன்னும் கேக்கல." பக்கத்தில் இருந்த முகிலரசு, அவளுக்குப் பத்து வருடம் பின்னால் சேர்ந்து இரண்டு படி முன்னால் போனவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது சார், பழுத்த இலைல குஞ்சு உக்காருது" என்றார். "அடடே, பிரமாதம் முகிலரசு!" என்று மேசை தட்டப்பட்டது. அந்த அறையின் விசேஷம் அப்படி. ஞானப்பூ பேசுவது வேறொருவர் வாயிலிருந்துதான் கேட்கும். அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை, ஆகவே ஆள் எழும்பியதிலும் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

சுடலைமணியைத் தவிர, எழும்பியவர்கள் யாரும் இறங்கவில்லை. நிலையம் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. தலையில் அடிபடாமல் இருக்க மின்விசிறிகள் கழற்றப்பட்டன, அதனால் கீழே இருந்தவர்களுக்கு வேர்த்தது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியில் கோப்புகளை மாட்டி அட்டெண்டர் மேலே நீட்ட, மேலேயிருந்து கையெழுத்து போட்டுக் கீழே போட்டார்கள். காற்றுக்கு ஆள் நகராமல் இருக்க என்ன செய்யலாம் என்று மீனவர்களைக் கேட்டார்கள். அவர்கள் வள்ளம் கட்டுகிற கயிற்றைக் கொண்டுவந்து, இடுப்பில் ஒரு சுருக்கும் மேசைக்காலில் ஒரு முடிச்சும் போட்டுக் காட்டி, "ஆளு கனமில்ல சார், சின்னக் கயிறே தாங்கும்" என்று உள்ளதைச் சொன்னார்கள். இயக்குநரின் மனைவி மட்டும், படுக்கையில் போர்வை மேலேயும் ஆள் அதற்கு மேலேயுமாக இருப்பதாகவும், கொசுவலை கட்ட வழியில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார்.

எழும்பாதவர்களோ ஞானப்பூவின் அறை வாசலில் நின்றார்கள். "மேடம், அடுத்த நன்றியுரைல நம்ம பேரையும் ஒரு வரி சேத்துக்கோங்க" என்று கருப்பட்டி மிட்டாயும் மஸ்கோத்து அல்வாவுமாக வந்தார்கள். நன்றி சொல்வதற்கென்றே வாராவாரம் ஒரு விழா வைக்கப்பட்டது: தொட்டி கழுவும் வாரம், தூய்மை வாரம், சென்ற வாரம் சிறப்பாக நடந்ததற்கு ஒரு வாரம். ஊரும் விடவில்லை. கல்யாண மண்டபங்களில் அவளைக் கூப்பிட்டார்கள். கல்யாணத்தை முன்னின்று நடத்திய தாய்மாமன் என்று அவள் சொன்ன ஒருவர் பந்தல் மூங்கிலில் போய் முட்ட, மெய்யாகவே அடுப்படியில் கிடந்து வெந்த சித்தப்பா தரையில் நின்றபடி அவமானத்தில் சாப்பிடாமல் போனார். வார்டு கவுன்சிலர் சாலை போட்டதற்கு நன்றி சொல்லச் சொல்லி, தெருவிளக்கு உயரத்துக்குப் போய், அங்கிருந்து பார்த்துத்தான் சாலை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டார். மாதா கோயில் பங்குச் சாமியார் மட்டும், "வேண்டாம்மா, இருக்கிற உயரமே போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

வேறு யாராவது நன்றியுரை சொன்னாலும் இப்படி நடக்குமா என்று சோதித்துப் பார்க்க, இத்தனை விஞ்ஞானிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றியுரை பெண்கள் இலாகா.

ஞானப்பூ சோதித்தாள், தன்னை வைத்தே. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொறுமையோடு வளர்த்தெடுத்த டாக்டர் ஞானப்பூ அவர்களுக்கு மனமார்ந்த நன்றி" என்று நல்ல குரலில் சொன்னாள். ரப்பர் செருப்புகூட அசையவில்லை. உண்மையாய் உழைத்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் பெருமை. கொஞ்சமாவது எழும்பியிருக்கலாம் என்று மறுபக்கம் ஏமாற்றம். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் அவள் பதில் சொல்லியிருக்க மாட்டாள். அவள் கணவர் எட்வின், பள்ளிக்கூட வாத்தியார், சட்டுவத்தோடு வந்து நின்று, "எனக்கும் ஒரு தடவ சொல்லேன், பாப்போம்" என்றார். சொன்னாள். மூன்று வேளையும் சமைக்கும் மனிதர் தரையில் ஆணி அடித்தது போல நின்றார்.

"மூணு வேளையும் அடுப்புல வேகுறவனுக்கு இம்புட்டுதானா?"

"நீங்க செஞ்சீங்கல்லா, அதான் எழும்பல. செய்யாதவங்கதான் எழும்புதாங்க."

"அப்போ செய்யாமயே இருந்திருக்கலாம் போல" என்று சொல்லிவிட்டு எட்வின் தோசையைத் திருப்பிப் போடப் போனார்.

நேர்காணல் வந்தது, அவளுக்கு அது நான்காவது. காலையில் நேர்காணல் குழுவை வரவேற்கும் கூட்டம், முடிவில் நன்றியுரை, மரபை மீற முடியுமா, சொன்னாள். அதனால் பிற்பகலில் அவள் உள்ளே நுழைந்தபோது குழுவினர் மூவரும் மச்சின் கீழ் கால்களை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். அண்ணாந்து அண்ணாந்து அவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

"இத்தனை வருஷம் சர்வீஸ். இன்னும் தரையிலேயே இருக்கீங்களே மேடம், ஏன்?" என்றது ஒரு ஜோடிச் செருப்பு.

"வேலை தரையிலதான சார் இருக்கு. தொட்டி..."

"உங்க ஹஸ்பெண்டுக்கு மாற்றல் வந்துச்சுன்னா?" என்றது இன்னொரு ஜோடி.

"அவர் உள்ளூர்ப் பள்ளிக்கூடம் சார்."

"பிள்ளைகள யாரு பாத்துக்கிடுதா?"

"ஒரே மக. சென்னையில காலேஜ் படிக்கா."

"ஐயோ பாவம், அவ்வளவு தூரத்துலயா?" என்று மூவரும் வருத்தப்பட்டார்கள். குஞ்சுகள் உட்காருவதைப் பற்றி அவள் ஆரம்பித்தபோது, "கேக்கல மேடம்" என்று மேலேயிருந்து வந்தது. மதிப்பீட்டுத் தாளில் 'தரையிலிருந்து உயரம்' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். அவளுக்கு அதில் சுழி. துறைத் தலைவர் பதவி, மேசைக்காலில் கட்டியிருந்த முகிலரசுவுக்குப் போயிற்று. ஞானப்பூ வீட்டுக்கு வந்து, வழக்கம் போலக் குடலை வெளியே போட்டுவிட்டுப் படுத்தாள். இந்த முறை புதுக்குடல் வளர மறுத்தது.

அப்போதுதான் அந்தப் பெருவிழா அறிவிக்கப்பட்டது. கடல் அட்டைக் குஞ்சுகளைத் தட்டில் இறக்கும் புதிய முறையை நாட்டுக்கு அர்ப்பணிக்கத் தில்லியிலிருந்து செயலாளர் வருகிறார்; முறைக்குப் பெயர் 'சிவசைலம் முகிலரசு முறை'; அன்றைக்குக் கல்வெட்டில் ஏறும் பெயர்தான் இனி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நன்றியுரை யார் என்று கேட்க வேண்டியதில்லை. முகிலரசு கயிற்றின் நீளத்துக்கு மிதந்து வந்து, தானே எழுதிய உரையைக் கீழே போட்டார்.

"மேடம், ஒரு வார்த்தை விடாம வாசிச்சிருங்க. உங்க குரல்ல கேட்டாதான் அதுக்கு ஒரு களை."

ஞானப்பூ வாசித்துப் பார்த்தாள். அவள் செய்தது எல்லாம் அதில் இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆள் மட்டும் மாறியிருந்தது. ஹசீனாவின் அறைக்குப் போய்த் தாளை நீட்டினாள்.

"பேசாம லீவு போட்டுரு" என்றாள் ஹசீனா, திரி திரித்துக்கொண்டே.

"போட்டா என்ன ஆகும்? 'உடம்பு முடியாத நிலைமையிலும்'னு அதையும் சேத்து என்னையே கூட்டிட்டு வந்து வாசிக்க வைப்பானுவ."

"அப்போ வாசி. உனக்குத்தான் நல்லா வாசிக்க வருமே."

அது குத்தலா ஆறுதலா என்று ஞானப்பூவுக்குப் புரியவில்லை. ஹசீனா எப்போதுமே அப்படித்தான், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள்.

விழாவுக்கு முந்தைய கூட்டத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. முகிலரசு எழுதியிருந்த நன்றிக்கு அரங்கத்தின் கூரை போதாது. போன முறையே சுண்ணாம்பு உதிர்ந்தது. இயக்குநர் கொஞ்சம் யோசித்து, கடற்கரையில் திறந்தவெளியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்போதுதானே அவரவர் தகுதிக்கு ஏற்ற உயரத்துக்குப் போக முடியும். இடுப்பில் கயிறு இருந்தால் படத்தில் ஆட்டுக்குட்டி மாதிரி தெரியும், தில்லிக்காரர் முன்னால் அது மரியாதையில்லை என்று கயிற்றையும் அவிழ்த்துவிடத் தீர்மானித்தார்கள். ஞானப்பூ எழுந்தாள். அவளுக்கு ஆத்திரம் இருந்தது, ஆனாலும் ஆட்கள் ஆட்கள்தானே.

"சார், கயிறு மட்டும் இருக்கட்டும். கூரை இல்லாத இடம். நான் வாசிச்சா எம்புட்டு தூரம் போகும்னு சொல்ல முடியாது."

"கேக்கல மேடம்" என்றார் இயக்குநர்.

"கயிறு இருக்கட்டும் சார்!"

"கொஞ்சம் சத்தமா."

அவள் முகிலரசுவைப் பார்த்தாள். வழக்கமாக அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவர் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

விழா நாளில் மேற்கேயிருந்து கச்சான் காற்று நன்றாக வீசியது. ஹசீனா ஏற்றிய விளக்கு அதிலும் அணையவில்லை. கல்வெட்டுக்குத் திரை போட்டிருந்தார்கள். செயலாளர் ஒல்லியான மனிதர், முதல் வரிசையில் இளநீரோடு உட்கார்ந்திருந்தார். இங்கே நடப்பதைக் கேள்விப்பட்டிருந்தாரோ என்னவோ, நாற்காலியின் கையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஞானப்பூவிடம் மெல்ல, "அம்மா, என் பேரை விட்டுருங்க" என்று கேட்டுக்கொண்டார். இறுதியாக நன்றியுரை என்று அறிவித்தார்கள். ஞானப்பூ வாசித்தாள்.

முட்டையிலிருந்து குஞ்சு வரை தம் கையால் வளர்த்த இயக்குநர் என்றாள், இயக்குநர் பனைமர உயரம் போனார். ஆயிரம் தோல்வியிலும் மனம் தளராது தொட்டியருகே கண்ணீர் விட்ட முகிலரசு என்றாள், முகிலரசு அவரையும் தாண்டிப் போனார். பழுத்த இலையின் மகிமையைக் கண்ட முதல் மனிதர்கள் என்றாள், இருவரும் கலங்கரை விளக்கத்தின் தலைக்கு மேலே போய்க் கடற்காகங்களைக் கலைத்தார்கள். வாசிக்க வாசிக்க அந்த உழைப்பெல்லாம் அவளுக்கே புதிதாய்த் தெரிந்தது, அடேயப்பா, இவ்வளவா செய்திருக்கிறோம், ஏன் ஒரு நாளும் இதை நாமே உட்கார்ந்து எழுதவில்லை என்று தோன்றியது, குரல் தழுதழுத்தது, கூட்டம் அதை நன்றிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு கை தட்டியது. அவள் ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள், கமாவைக்கூட விடவில்லை. முடித்தபோது இயக்குநரும் துறைத் தலைவரும் கடலுக்கு மேலே இரண்டு புள்ளிகளாக இருந்தார்கள்.

புள்ளிகளில் ஒன்று கத்தியது. காற்றில் ஒன்றும் விளங்கவில்லை.

"கேக்கல சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள் ஞானப்பூ மைக்கில். மெய்யாகவே கேட்கவில்லை.

மறுபடியும் கத்தல். இந்த முறை கேட்டது. இறக்கி விடச் சொல்லி ஒரே ஓலம்.

"இன்னும் கேக்கல சார்." இப்போது சொன்னது கொழுப்பில்தான், அதை அவள் மறைக்கப் போவதில்லை. ஆனால் கூடவே மனசு இளகி, "சுடலைமணி சொன்ன மாதிரி சொல்லுங்க சார், இறங்கிரலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பிறகு முகிலரசுவின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது: "நான் செய்யல! ஞானப்பூ மேடம்தான் செஞ்சாங்க! எல்லாமே அவங்கதான்!" அடுத்த நொடி அவர் நேராக இறங்கி, அட்டைக் குஞ்சுகளை விட்டிருந்த வலைக்கூண்டுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். மீனவர்கள் தூக்கி வந்தார்கள். அடி ஒன்றும் இல்லை, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு தன் எடையைத் தானே சுமப்பதால் அவரால் உடனே நடக்க முடியவில்லை.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இந்த முறையைக் கீழே இருக்கிற யாராவது செய்து காட்டினால் நல்லது, எனக்கு விமானம் இருக்கிறது" என்றார். ஞானப்பூ செய்து காட்டினாள்.

இயக்குநர் கடைசி வரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அலுவலக விதிப்படி அவர் பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. அவர் மனைவி கொசுவலையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். தோணிமுனை மீனவர்கள் காலையில் அண்ணாந்து பார்த்து, "இயக்குநர் கிழக்க சாஞ்சு கெடக்காரு, இன்னைக்குக் கச்சான்தான்" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளுகிறார்கள். அந்த வகையில் அவரால் ஊருக்கு முதன்முறையாக ஒரு பிரயோசனம்.

கல்வெட்டை மாற்றினார்கள். 'ஞானப்பூ முறை' என்று வந்தது. அவளைத் துறைத் தலைவராக்கி, பாராட்டு விழாவை அரங்கத்துக்குள்ளேயே வைத்தார்கள். மின்விசிறிகள் திரும்பவும் மாட்டப்பட்டிருந்தன. அத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் மேடை நாற்காலியில் உட்கார்ந்தாள், புதுச்சேலை, புதுச்செருப்பு. நன்றியுரை யார் சொல்வது என்பதில் நிலையமே திணறியது. ஹசீனாவைக் கேட்டார்கள். "வெளக்க ஏத்திட்டேன், அதுக்கு மேல என்னால ஆகாது" என்று வத்திப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் முகிலரசு தானாக எழுந்து மைக்கின் முன் வந்தார். கால் இன்னும் சரியாகவில்லை, ஆனால் மனிதருக்கு எழுத வரும்.

"குஞ்சுகளின் சாவைக் கண்டு வருடக்கணக்காகக் கலங்கிய" என்றார், அது சரிதான். "தட்டுகளைத் தம் கையால் தேய்த்த" என்றார், அதுவும் சரி. "இளம் இலை உதவாது, பழுத்த இலையே உதவும் என்னும் ரகசியத்தை, யார் துணையுமின்றித் தன்னந்தனியாகக் கண்டறிந்த எங்கள் டாக்டர் ஞானப்பூ அவர்களுக்கு."

ஞானப்பூவின் குதிகால் முதலில் இலேசாயிற்று. பிறகு நாற்காலி கீழே போனது, அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. ஒரு முழம் மேலே இருந்தாள். கைதட்டல் மேலேறி வந்தது. அவளுக்கு உடனே காரணம் தெரிந்தது; நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், மேடைக்கு வருவதற்கு முன்பே தெரியும். இறங்க என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும், ஊருக்கே கற்றுக்கொடுத்தவள் அவள்தானே. ஆனால் மின்விசிறிக் காற்று அங்கே நன்றாக வந்தது. சன்னல் மேல்வழியாகக் கடல் தெரிந்தது. கழுத்து வலிக்கவில்லை. கீழே வழுக்கை விழாத தலையே இல்லை போலிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இத்தனை வருடத்துக்கு இதுகூடக் கூடாதா என்று யாரிடமோ மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

முன்வரிசையிலிருந்து ஹசீனா எழுந்து வந்து, அண்ணாந்து, மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள்.

"கேக்கல ஹசீனா" என்றாள் ஞானப்பூ. "கொஞ்சம் சத்தமா."

சொன்னது தன் வாய்தான் என்பது அவளுக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. காதும் முகமும் பற்றி எரிந்தன. அந்தக் கூட்ட அறையில் இத்தனை வருடம் தன் மேல் விழுந்த வார்த்தை, எழும்பிய ஒரு நிமிடத்துக்குள் தன் வாயிலிருந்து, அதுவும் யாரிடம். மைக்கை எல்லாம் எதிர்பார்க்காமல் அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: "பழுத்த இலை ஹசீனா சொன்னது! ஹசீனா பானு! டீ குடிக்கும்போது என்கிட்ட சொன்னா, நான் யார்கிட்டயும் சொல்லல!"

பொத்தென்று விழுந்தாள். நாற்காலி உருண்டது, கணுக்கால் பிசகியது, புதுச்சேலை கிழிந்தது. முகிலரசு தாளில் எங்கே திருத்துவது என்று பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். ஹசீனா மேடையேறி வந்து, அவள் பக்கத்தில் குத்தவைத்து, பிசகிய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ சொன்னது கேட்டிருச்சு ஹசீனா. இப்போதான் கேட்டுச்சு. என்னய மன்னிச்சிரு" என்றாள் ஞானப்பூ, அழுதுகொண்டே.

"நான் எங்கட்டி அத சொன்னேன்?" என்று ஹசீனா அவள் செருப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். "இது ஊருக்கே தெரியுது, கால மடக்கிக்கோன்னுதான் சொன்னேன்."